மகாராணியை ரிஜெக்ட் செய்த செல்லத்தாய்

நானூறு வருஷங்களுக்கு முன்னால் ஆங்கிலேயர்கள் தங்கள் மொழியை எப்படி உச்சரித்தார்கள் என்பது குறித்து அபிப்பிராயம் சொல்லத் தகுதியுள்ளவர்கள் உலகத்தில் மிகச் சிலரே. அவர்களில் பெரும்பாலானவர்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் திருப்பூர் வீரபாண்டியில், ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் நிற்கிறார். பேராசிரியர்களின் வரலாற்றை எழுத மாணவர்கள் உண்டு. எழுதாவிட்டால் மார்க் கிடைக்காது. செக்கிங் டேபிளுக்கு அப்படி யாரும் இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தச் சிறு முயற்சி.

பெயர் செல்லத்தாய். வயது நாற்பத்து நான்கு. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் இருநூறுக்கு எழுபத்தொன்று. தேர்ச்சிக்கு எழுபதே போதும் என்றிருந்த காலம் அது. ஒரு மார்க்கை அவர் அப்போதே வீணடித்திருக்கிறார் என்று கணவர் முனீஸ் இன்றும் சொல்லிக் காட்டுவார். முனீஸ் அயர்ன் மாஸ்டர். கல்யாணமான நாலாம் மாதம் இருவரும் ஒரு பெட்டி, ஒரு குக்கர் சகிதம் திருப்பூரில் வந்து இறங்கினார்கள். செல்லத்தாய் முதலில் கைமடி, அதாவது டெய்லருக்குத் துணியை எடுத்து மடித்துக் கொடுக்கும் வேலை. பிறகு பிசிறு வெட்டுதல். பிறகு செக்கிங். இன்றைக்கு லிங்கசாமியின் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் இன்சார்ஜ். அவர் சரி என்று சொல்லாமல் ஒரு டி-ஷர்ட்கூடப் பெட்டிக்குள் போகாது. லிங்கசாமியே போட்டிருக்கும் சட்டையில் காலர் கோணல் என்று ஒரு தீபாவளி பூஜையில் சொன்னவர். லிங்கசாமி உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து பூஜையைத் தொடர்ந்தார்.

செல்லத்தாய் ஆங்கிலம் கற்ற விதம் தனி. யார் வாயிலிருந்தும் அவர் அதைக் கற்கவில்லை, பேப்பரிலிருந்து கற்றார். வெளிநாட்டு பையர்கள் ஒவ்வொரு ஆர்டருக்கும் அனுப்பும் குறிப்புகள், அளவுகள், இன்ன இடத்தில் தையல் விட்டிருக்கிறது, இன்ன இடத்தில் கறை என்று வரும் புகார்கள், இவைதான் அவருக்குப் பாடப் புத்தகம். இருபது வருஷம் அவற்றை எழுத்துக் கூட்டிப் படித்தார். எழுதியிருப்பதையெல்லாம் உச்சரித்தார். ஒரு எழுத்தைக் காசு கொடுத்து அச்சடித்துவிட்டு, வாயால் சொல்லாமல் விடுவதற்கு அவருக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. அவர் ‘ஆர்டர்’ என்றால் இரண்டு ‘ர்’ரும் பவர் டேபிள் தையல் மெஷின் ஓடுவதுபோல் உருளும்.

இதனால் ஒரு கஷ்டம் இருந்தது. வீடியோ காலில் பையரின் ஆள் வந்து கேள்வி கேட்பார். செல்லத்தாய் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். பக்கத்தில் நிற்கும், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அனுப்பிரியா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு. இரண்டு வருஷம் பெங்களூரில் வேலை பார்த்து, ‘ர்’ரைப் பாதி முழுங்கும் கலையைக் கற்று வந்தவர் அனுப்பிரியா. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறையும், “வாட் ஷி மீன்ஸ் இஸ்” என்று ஆரம்பிப்பார். செல்லத்தாய்க்கு அந்த நாலு சொல்லும் ஊசி.

அதனால்தான் அவர் நாடகத்தில் சேர்ந்தார். ஒரு தடவையாவது, ஒரு பத்து நிமிஷமாவது, நாலு பேருக்கு முன்னால் நின்று ஆங்கிலம் பேச வேண்டும். பக்கத்தில் நின்று யாரும் மொழிபெயர்க்கக் கூடாது. அவருடைய லட்சியம் அவ்வளவுதான்.

*

பின்னலாடை ஆங்கில நாடக மன்றத்தின் தலைவர் லிங்கசாமி. ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஆங்கில நாடகத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள், அவர் கோல்ஃப் கற்றுக்கொள்ள முயன்ற வருஷத்தைப் பார்த்ததில்லை. டைரக்டர் இந்துமதி, கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேக்கிங் ஹாலில் பெட்டிகளை ஓரம் தள்ளி ஒத்திகை. மன்றத்தில் செல்லத்தாயின் ஐந்து வருஷ நடிப்பு வாழ்க்கையை இங்கே பதிவு செய்வது அவசியம்: மூன்றாம் சிப்பாய், கதவு தட்டும் சத்தம், தகரத்தை ஆட்டிப் புயல், இரண்டு முறை பிணம். பிணமாகப் படுத்தபோதும் அவரிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

இந்த வருஷம் கோயம்புத்தூர் நாடக விழாக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். நானூறு வருஷத்துக்கு முந்தைய நாடகம். அதையும் அந்தக் காலத்து உச்சரிப்பிலேயே நடத்த வேண்டும். அதைப் படித்துத் தேறிய ஒரு நடுவர் முன்வரிசையில் பேப்பரோடு உட்காருவார். இந்துமதி ஒரு பழைய நாடகத்தை எடுத்தார். எழுதியவர் யாரென்று தெரியாது. தீவில் ஒரு விதவை மகாராணி. மகன் போன கப்பல் திரும்பவில்லை. கடைசியில் மகாராணி பன்னிரண்டு நிமிஷம் தனியாகப் பேசிவிட்டு இறந்துபோகிறாள்.

மகாராணி அனுப்பிரியா என்று முடிவானது. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. செல்லத்தாய்க்கு வாயிற்காவலாளி வேஷம். ஒரே வசனம்: கப்பல் வரவில்லை.

முதல் ஒத்திகையில் இந்துமதி போனில் சில பதிவுகளைப் போட்டுக் காட்டினார். ஆராய்ச்சியாளர்கள் பழைய உச்சரிப்பில் பேசிப் பதிந்தவை. எழுதியிருக்கிற ஒவ்வொரு ‘ர்’ரும் ஒலித்தது. ‘ஏ’ என்றால் நேரான ஏ, ‘ஓ’ என்றால் நேரான ஓ. இன்றைய லண்டன்காரர்போல் நடுவழியில் வேறு பக்கம் திரும்பவில்லை. ‘நேஷன்’ என்பதுபோல் முடிகிற சொல்லெல்லாம் நே-சி-அன் என்று மூன்று துண்டாக வந்தது.

லிங்கசாமி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“ஏனுங்க டீச்சர், இது நம்ம கட்டிங் மாஸ்டரு பேசற இங்கிலீசாட்டவே இருக்குதுங்களே?”

“கிட்டத்தட்ட அப்படித்தானுங்க,” என்றார் இந்துமதி. “இங்கிலீஷ்ல எழுத்து அந்தக் காலத்தோட நின்னு போச்சுங்க. வாய் மட்டும் நடந்து போயிருச்சு. எழுத்தப் பாத்து அப்படியே படிக்கறவங்க, தெரியாமயே பழைய காலத்துக்குப் பக்கத்துல போயிருவாங்க.”

அனுப்பிரியா முயன்று பார்த்தார். பெங்களூரில் இரண்டு வருஷம் உழைத்துத் துரத்திய ‘ர்’ திரும்பி வர மறுத்தது. நாலாம் வரியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் கையில் ஈட்டிக்குப் பதில் அட்டைக் குழாயோடு நின்றிருந்த செல்லத்தாயைப் பார்த்து இந்துமதி, “அக்கா, நீங்க இந்தப் பேப்பரக் கொஞ்சம் படிங்க,” என்றார்.

செல்லத்தாய் படித்தார். கடைசி வரி முடியும் முன்பே இந்துமதி வேஷப் பட்டியலை எடுத்துப் பெயரை மாற்றி எழுதினார்.

“மகாராணி நீங்கதானுங்க,” என்றார் இந்துமதி.

அனுப்பிரியா அட்டைக் கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்தார். “இந்தாங்கக்கா. இத்தன வருசம் உங்க இங்கிலீச நான் கரெக்ட் பண்ணீட்டு இருந்தனே, என்னைய யாராச்சும் கரெக்ட் பண்ணியிருக்கலாமல்லங்க?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

*

செய்தி மறுநாள் பதினொரு மணி டீக்குள் கம்பெனி முழுக்கப் பரவியது. திருப்பூர் இங்கிலீஷ்தான் ஒரிஜினல், லண்டன் இங்கிலீஷ் அதிலிருந்து கழித்துப் போட்ட செகண்ட்ஸ் என்ற கொள்கை ஓவர்லாக் செக்‌ஷனில் தோன்றி, சாயங்காலத்துக்குள் கேட்டுக்கு வெளியே பேக்கரியில் நிலைபெற்றது. லிங்கசாமி ஃபிளெக்ஸ் அடித்தார். கிரீடம் வைத்த செல்லத்தாயின் படம். அதன் கீழ், செல்லத்தாயின் படத்தைவிட சற்றே பெரிதாக லிங்கசாமியின் படம். ‘நானூறு ஆண்டு ஆங்கிலம், நம்ம ஊர் ஆங்கிலம்’ என்ற வாசகம். இனி ஒத்திகையே வேண்டாம் என்றும் அறிவித்தார்.

“நாம பேசறதே சரிங்கறப்ப எதுக்குங்க பிராக்டீசு? போயி நின்னு பேசீட்டு வந்தா முடிஞ்சுதுங்க.”

ஊரே மகிழ்ந்திருந்த அந்த வாரத்தில் சந்தோஷப்படாத ஒரே ஆள் மகாராணிதான். தன் துணியைத் தானே பாஸ் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. அடுத்த ஞாயிறு மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து பதிவுகளை மறுபடி மறுபடி கேட்டார். ஒரு நோட்டில் கோடு போட்டார். பக்கத்தில் முனீஸ் தட்டில் ஆட்டுக்கால் குழம்போடு உட்கார்ந்திருந்தார்.

“ஏட்டி, இன்னும் என்னத்தக் கேக்க? நீ பேசுததுதான் சரின்னு ஊரே சொல்லியாச்சுல்லா?”

“‘ர்’ரு பாஸுங்க. ஏ, ஓ ரெண்டும் பாஸு. மத்ததெல்லாம் போச்சு.”

“எதெல்லாம்?”

“எல்லாச் சொல்லுக்கும் வால்ல ஒரு ‘உ’ தொங்குது. ஷிப்பு, நைட்டு, லவ்வுன்னு. பிசிறுங்க அது. வெட்டாம விட்ருக்கேன். அப்புறம், எகரத்துல ஆரம்பிச்சா முன்னால ஒரு ‘ய’ வந்து நிக்கி. டகரம் பூரா நாக்க மடிச்சு அடிக்கேன், அவங்க மடிக்கல. ‘ஸ்பீக்’னு நான் சொல்லுதேன், அவங்க ‘ஸ்பேக்’குங்காக. ‘டைம்’னு வாயத் தொறக்கக் கூடாதாம், ‘டெ’க்கும் ‘டொ’வுக்கும் நடுவுல ஆரம்பிச்சு ‘இ’யில முடிக்கணும்.”

முனீஸ் எலும்பை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: “அந்தத் தொரைமாரு செத்து நானூறு வருசமாச்சு. எவன் வந்து கம்ப்ளைண்ட் பண்ணப் போறான்?”

“செத்தாலும் பையர் பையர்தான்,” என்றார் செல்லத்தாய்.

மறுநாள் இந்துமதிக்குப் போன் செய்தார். அவருடைய கேள்வி, இந்தத் துறையின் பெரிய பண்டிதர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

“மேடம், இதுக்கு அப்ரூவ்டு சாம்பிள் எங்க இருக்கு?”

விளக்கம் தேவைப்படுகிறவர்களுக்காக: எந்த ஆர்டரிலும் பையர் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு, சீல் வைத்த ஒரு பீஸ் செக்கிங்கில் தொங்கும். தைப்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான். சந்தேகம் வந்தால் அதை இறக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்துமதி சொன்னார்: “சாம்பிளே இல்லீங்கக்கா. அந்தக் காலத்துல யாரு பேசுனதயும் யாரும் பதிவு பண்ணலைங்க.”

“அப்பம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?”

“பாட்டுல வரிக் கடைசியில சேர்ற இயைபு வெச்சுங்க. இன்னிக்கிச் சேராத ரெண்டு சொல்லு அன்னிக்கிச் சேந்திருந்தா, ஒரே சத்தமாத்தான இருந்திருக்கும்? அப்பறம் சரியாப் படிக்காதவங்க எழுதுன கடுதாசி. அவங்க காதுல விழுந்த மாதிரி தப்புத் தப்பா எழுதியிருப்பாங்க. அந்தக் காலத்து வாத்தியாருங்க சில பேரு, சனங்க இப்படியெல்லாம் தப்பாப் பேசறாங்கன்னு திட்டிப் புஸ்தகமே போட்டிருக்காங்க. அந்தத் திட்டுலதான் நெறைய தெரிஞ்சுது.”

 “அது சரிதான் மேடம்,” என்றார் செல்லத்தாய். “நல்லாத் தச்ச பீஸப் பாத்தா எந்த மெஷின்னு தெரியாது. தப்பாத் தச்சதப் பாத்தா மெஷினு, டெய்லரு, அன்னைக்கு அவன் யாரோட சண்ட போட்டான், எல்லாம் தெரிஞ்சிரும்.”

இந்துமதி இதைப் பின்னர் தன் வகுப்பில் சொன்னதாகக் கேள்வி. யார் சொன்னது என்பதையும் சொன்னார் என்பதை அவர் பெருமைக்காகக் குறிப்பிடுகிறோம்.

“ஆனா பண்டிதருங்களுக்குள்ளயே ஒத்துப் போகாதுங்கக்கா. ஒரே சொல்ல ஒருத்தர் ஒரு மாதிரிம்பாரு, இன்னொருத்தர் கொஞ்சம் வேற மாதிரிம்பாரு.”

“அது பரவால்ல. ஷேட் பேண்ட் போட்டுக்கிடலாம்.”

சாயப்பட்டறையிலிருந்து ஒரே சிவப்பு இரண்டு தடவை ஒரே மாதிரி வருவதில்லை. ஆகவே இவ்வளவு வெளுப்பு வரை போகலாம், இவ்வளவு அடர்த்தி வரை போகலாம் என்று மூன்று துணித் துண்டுகளை அட்டையில் ஒட்டி பையரிடம் ஒப்புதல் வாங்குவார்கள். அதற்கு உள்ளே இருந்தால் சரக்கு சரி. செல்லத்தாய் ஒரு அட்டையில் ஒவ்வொரு சத்தத்துக்கும் மூன்று மூன்று மெரூன் துண்டு ஒட்டினார். வெளுத்த துண்டுக்கு எதிரே ஒரு ஆராய்ச்சியாளரின் பதிவு, அடர்த்தியான துண்டுக்கு எதிரே இன்னொருவருடையது. நானூறு வருஷத்து ஆங்கிலம் ஒரு சாண் அகல அட்டையில் அடங்கி, வீரபாண்டியில் ஆணியில் தொங்கியது. உலகத்தின் பெரிய நூலகங்கள் இப்படி ஒன்றை இன்னும் பெறவில்லை.

*

நாடகத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிறு காலை மன்றத்தார் எல்லோரையும் பேக்கிங் ஹாலில் நிற்க வைத்துச் செல்லத்தாய் ஒரு விஷயம் சொன்னார். ஷிப்மெண்ட்டுக்கு முன்னால் இன்ஸ்பெக்‌ஷன் இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போனதில்லை, நாடகமும் போகாது.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மொத்தச் சரக்கையும் பார்க்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு இருபது பீஸ் எடுப்பார்கள். இரண்டு தப்பு வரைக்கும் பாஸ். மூன்று என்றால் மொத்த லாட்டும் ஃபெயில். கெஞ்சினால் நடக்காது. மகாராணியின் வசனத்தை வரி வரியாக வெட்டிச் சீட்டாக்கி ஒரு டப்பாவில் போட்டிருந்தார். இருபது சீட்டு எடுக்க வேண்டும். வந்த வரியைச் சொல்ல வேண்டும். ஆணியில் தொங்கும் அட்டையோடு ஒப்பிட வேண்டும்.

“இன்ஸ்பெக்டர் யாருங்க? டீச்சருங்களா?” என்று கேட்டார் லிங்கசாமி.

“அனு,” என்றார் செல்லத்தாய்.

ஹாலில் சலசலப்பு. செல்லத்தாய் தோற்றால் வேஷம் யாருக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அனுப்பிரியா ஆறு நாளாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ‘ர்’ பழகுகிறார் என்பதும் தெரியும்.

லிங்கசாமி செல்லத்தாயை ஓரமாக அழைத்து, “அம்மிணி, உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா? நீங்க ஃபெயிலானா அந்தப் புள்ளைக்கில்லீங்க லாபம்?” என்றார்.

“அதான் முதலாளி. நாம ஜெயிக்கணும்னு நெனைக்கவகிட்ட பாஸ் வாங்குனா அது என்ன பாஸு? நாம தோத்தா சந்தோசப்படுதவ பாஸ்னு சொல்லணும்.”

அனுப்பிரியா பென்சிலை எடுத்துக்கொண்டார். செல்லத்தாய் சீட்டு எடுத்தார். முதல் வரியில் ஒரு வால். மூன்றாம் வரியில் நாக்கு மடிந்தது. ஆறாம் வரியில் ‘ய’ வந்து முன்னால் நின்றது. இருபதாம் சீட்டு முடிந்தபோது அனுப்பிரியாவின் பேப்பரில் ஒன்பது கோடு இருந்தது.

“ஒம்பதுங்கக்கா,” என்றார். குரலில் லேசாக ஒரு மகிழ்ச்சி இருந்தது. மறைக்க முயன்றும் முடியவில்லை.

செல்லத்தாய் பேப்பரை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். ‘ரிஜெக்ட்’ என்று எழுதி, தேதி போட்டு, தானே கையெழுத்தும் போட்டார். கிரீடத்தைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்தார்.

லிங்கசாமி பதறினார். “பேனர் கட்டியாச்சுங்க அம்மிணி! கோயமுத்தூருக்கு ரெண்டு பஸ்ஸு சொல்லியாச்சுங்க! ஒரு தரம் பாத்தும் பாக்காம உடக் கூடாதுங்களா? பையரே சில நேரத்துல போனாப் போகுதுன்னு உடறாங்கல்லங்க?”

“பையர் விடலாம் முதலாளி. நான் விடக் கூடாது.”

“அப்ப இந்துமதி டீச்சரு, நீங்க சொல்லுங்க!”

இந்துமதி அந்தப் பேப்பரை வாங்கி ஒன்பது கோடுகளையும் ஒவ்வொன்றாக எண்ணினார். கல்லூரியில் அவர் இத்தனை வருஷமாகத் திருத்திய பேப்பர்கள் அவர் மனதில் வந்து போயிருக்க வேண்டும்.

ஃபெயிலான லாட்டைக் குப்பையில் போடுவதில்லை. பிரித்து, சரிசெய்து, மறுபடி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வைக்கலாம். ஒரு தடவைதான். அதிலும் போனால் போனதுதான். மறு இன்ஸ்பெக்‌ஷன் வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம். நாடகம் ஞாயிறு.

அந்த ஐந்து நாளில் நடந்ததற்குச் சாட்சி செக்கிங் செக்‌ஷன் முழுவதும். கை டி-ஷர்ட்டைத் திருப்பிக்கொண்டிருக்கும், வாய் மகாராணியாக இருக்கும். டேபிளில் இருந்த பன்னிரண்டு பெண்களுக்கும் அந்த வசனம் மனப்பாடம் ஆனது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், செல்லத்தாயின் சொல் வாலில் ‘உ’ தொங்கும்போதெல்லாம் கையிலிருந்த நூல் வெட்டும் டிரிம்மரைக் காற்றில் ‘கிளிக்’ என்று ஒரு வெட்டு வெட்டுவாள். முதல் நாள் அந்தக் கிளிக் ஓயவில்லை. மூன்றாம் நாள் எப்போதாவது கேட்டது. டகரத்துக்காக செல்லத்தாய் நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் ஒட்ட வைத்துக்கொண்டே திரிந்ததில், புதன்கிழமை முனீஸிடம் தக்காளி வாங்கி வரச் சொன்னபோது அது ஏதோ வெளிநாட்டுப் பழம்போல் கேட்டது. முனீஸ் வெறும் பையோடு திரும்பி வந்தார். “நீ தமிழையும் மறந்துட்டன்னா நான் யாருகிட்டப் பேசுவேன்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் யாரும் சாப்பிடவில்லை. அயர்ன் செக்‌ஷன், பேக்கிங், ஆபீஸ் எல்லாரும் ஹாலைச் சுற்றி நின்றார்கள். செல்லத்தாய் சீட்டு எடுத்தார். எட்டு வரி வரை சுத்தம். ஒன்பதாம் வரியில் ஒரு தப்பு. பதினாலாம் வரியில் இன்னொன்று. பத்தொன்பதாம் வரியில் ஒரு சொல். ‘ஒன்’, ஒன்று என்று பொருள். இன்றைய வழக்கத்தில் முன்னால் ஒரு ‘வ’ சேரும். அந்தக் காலத்தில் ‘ஓன்’ என்பதுபோல் வரும். செல்லத்தாய் அதைச் சொல்லி முடித்ததும் அவருக்கே முகம் சுருங்கியது.

“கொஞ்சம் கட்டையா வந்துட்டு,” என்றார். “மூணு.”

அனுப்பிரியாவின் பென்சில் பேப்பரைத் தொட்டது. லிங்கசாமி கண்ணை மூடிக்கொண்டார். செல்லத்தாய் பெட்டி மேல் இருந்த கிரீடத்தை எடுத்து நீட்டினார். வாதாடவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு மோசமான லாட்டை ஓரம் தள்ளும் அதே நிதானம்.

ஒரு மகாராணி வேஷம் இரண்டு பெண்களுக்கு நடுவில் நீட்டிய கையில் இருந்தது. அனுப்பிரியா அதை வாங்கிக்கொண்டிருந்தால் ஒருவரும் தப்பு சொல்லியிருக்க முடியாது. செல்லத்தாயே சொல்லியிருக்க மாட்டார்.

“இருங்கக்கா,” என்றார் அனுப்பிரியா. “கார்டு பாக்காம நீங்களே எப்படி மூணுங்கறீங்க?”

ஆணியிலிருந்து அட்டையை எடுத்தார். போனில் இரண்டு பதிவுகளையும் போட்டார். வெளுத்த ‘ஓன்’ ஒன்று, அடர்ந்த ‘ஓன்’ ஒன்று. “இப்பச் சொல்லுங்க. முன்ன சொன்ன மாதிரியேதான், மாத்தாம.” செல்லத்தாய் சொன்னார். அனுப்பிரியா மறுபடி போட்டார். மூன்று தடவை கேட்டார்.

“அடர்ந்த பக்கமா இருக்குதுங்க. ஆனா உள்ளதான் இருக்குது.” பென்சிலால் தொட்ட இடத்தை ரப்பர் போட்டு அழித்தார். “ரெண்டு. அந்த வேசம் எனக்கு வேணுமுங்கக்கா, வேண்டாம்னு சொல்லல. ஆனா இது மூணாவது இல்ல.”

இருபதாம் சீட்டு சுத்தமாக வந்தது. கூட்டம் கை தட்டிய சத்தத்தில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் போனஸ் அறிவித்துவிட்டார்கள் என்று எண்ணி எட்டிப் பார்த்தார்கள்.

*

கோயம்புத்தூர் அரங்கில் பாதி நாற்காலியில் கல்லூரி மாணவர்கள், மீதியில் வீரபாண்டி. முதலில் வந்த குழுக்கள் நன்றாகவே செய்தன. ஆனால் வீரபாண்டி ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். வசனம் நுரைபோல் வந்து போனது, கையில் எதுவும் நிற்கவில்லை. பிறகு மகாராணி வந்தார்.

அவர் நிதானமாகத் தொடங்கினார். ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் கொடுத்தார். கடல் என்று அவர் சொன்ன சொல்லில் அலை ஏறி இறங்குவதற்குத் தேவையான அவகாசம் இருந்தது. மூன்றாம் வரிசையில் அயர்ன் செக்‌ஷன் ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “ஏய், புரியுதுடா,” என்றார். அது அரங்கம் முழுவதும் கேட்டது. யாரும் அவரை அதட்டவில்லை. பத்தாம் வகுப்பில் மூன்று தடவை ஆங்கிலத்தில் தோற்றவர் முனீஸ். மகாராணியின் மகன் வரப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்தபோது துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

பதினோராவது நிமிஷத்தில் ஒரு இடத்தில் நாக்கு சறுக்கியது. இறந்துகொண்டிருந்த மகாராணி நிறுத்தினார். ஒரு மூச்சு இழுத்தார். அந்தச் சொல்லை மறுபடி, சரியாகச் சொன்னார். பிறகு அவசரப்படாமல் இறந்தார். துக்கம் தாங்காமல் மகாராணி திக்கினாள் என்று நினைத்த மாணவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

மூன்றாம் பரிசு. லிங்கசாமி மேடையில் அதை முதல் பரிசுபோல் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அதுவும் ஒரு கலை.

கீழே இறங்கும்போது நடுவர் எதிரே வந்தார். நரைத்த தலை, சென்னைக்காரர், ஆங்கிலத்தில்தான் பேசினார். பழைய உச்சரிப்பை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். செல்லத்தாய் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினார். அனுப்பிரியா பழக்கத்தில் அரை அடி முன்னால் வந்தார். பிறகு பின்னால் நகர்ந்து, அட்டைக் கிரீடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார்.

செல்லத்தாய் சாம்பிள் இல்லாத ஆர்டரை எப்படி முடிப்பது என்று விளக்கினார். நடுவர் ஒரு சொல்லின் நடுச் சத்தத்தில் தனக்கு வேறு கருத்து உண்டு என்றார். எந்த ஆதாரத்தில் என்று கேட்டார் செல்லத்தாய். அவர் ஒன்று சொன்னார். இவர் இல்லை என்றார். ஐந்து நிமிஷமானது, பத்து நிமிஷமானது. வெளியே இரண்டு பஸ்ஸும் மாறி மாறி ஹாரன் அடித்தன. லிங்கசாமி வாசலில் வந்து, “அம்மிணி, எல்லாரும் பசியில இருக்கறாங்க,” என்றார். செல்லத்தாய் திரும்பாமலே ‘இருங்க’ என்று கையைக் காட்டிவிட்டு, நடுவரைப் பார்த்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார். அது நீளமான வாக்கியம்.